சீட்டுக்காசும் சுயநலமும்

தமிழில் மிக மலிவாக வீசப்படும் வசைகளில் ஒன்று 'சுயநலம்'. "ஆள் சரியான சுயநலம்" என்று ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு விசாரணை கிடையாது, தீர்ப்பு மட்டும்தான். ஆனால் அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் குற்றம் எதையும் காணமுடியவில்லை. சுயம், நலம். தனித்தமிழில் சொன்னால் தன்னலம். நலம் என்பது நாம் யாரைக் கண்டாலும் முதலில் விசாரிப்பது. பழைய கடிதங்கள் "நலம், நலமறிய ஆவல்" என்றுதான் தொடங்கின. எழுதுகிறவர் முதலில் தன் நலத்தைச் சொல்லுவார், பிறகு மற்றவருடையதைக் கேட்பார். இந்த ஒழுங்கைச் சுயநலம் என்று எவரும் குறை சொன்னதில்லை.

ஆங்கிலத்தில் 'செல்ஃபிஷ்' என்ற சொல் பதினேழாம் நூற்றாண்டில்தான் புழக்கத்துக்கு வந்தது. அந்தச் சொல்லின் வால்பகுதியிலேயே ஓர் இளக்காரம் இருக்கிறது. தமிழ்ச் சொல்லுக்கு அப்படி ஒரு வால் இல்லை. இளக்காரத்தை நாம்தான் குரலில் ஏற்றுகிறோம். ஆகவே இந்தச் சொல்லை எப்போது, யார்மீது, என்ன காரணத்துக்காகப் பயன்படுத்துகிறோம் என்று பார்ப்பது பயனுள்ளது. ரொறொன்ரோவில் வாழும் தமிழருக்கு அதைப் பார்க்க மிக நல்ல இடம் ஒன்று இருக்கிறது. அதுதான் சீட்டு.

இருபது பேருடைய ஆசை

சீட்டை அறியாத புலம்பெயர் தமிழர் குறைவு. இருந்தாலும் அதன் கணக்கை ஒருமுறை விரித்துப் பார்ப்போம். இருபது பேர் சேர்கிறார்கள். ஆளுக்கு மாதம் 500 டொலர், இருபது மாதம். ஒவ்வொரு மாதமும் 10,000 டொலர் சேரும். அதை ஒருவர் எடுப்பார். குலுக்கல் சீட்டு என்றால் யார் எடுப்பது என்பதை அதிர்ஷ்டம் தீர்மானிக்கும். கழிவுச் சீட்டு என்றால் அவசரம் தீர்மானிக்கும். சீட்டைப் பிடிப்பவர் முதல் மாதக் காசைக் கழிவில்லாமல் எடுத்துக்கொள்வது பரவலான வழக்கம். யாராவது கட்டத் தவறினால் அவர்தான் பொறுப்பு என்பதற்கான கூலி அது. இரண்டாம் மாதம் ஒருவருக்குக் காசு அவசரமாகத் தேவைப்படுகிறது. அவர் 1,500 டொலர் கழிவு கேட்டு 8,500 டொலரை எடுக்கிறார். அந்த 1,500 இருபது பங்காகப் பிரிகிறது. அந்த மாதம் ஒவ்வொருவரும் 75 டொலர் குறைத்து 425 டொலர் கட்டினால் போதும். கடைசி மாதம்வரை பொறுத்திருப்பவர் கட்டிய மொத்தம் 10,000 டொலருக்குக் குறைவாக இருக்கும், ஆனால் எடுப்பது முழுப் பத்தாயிரம். முன்னால் எடுத்தவர் கொடுத்த வட்டிதான் பின்னால் எடுத்தவருக்கு லாபம்.

இது எங்களுக்கு மட்டும் உரியதல்ல. இதே ரொறொன்ரோவில் ஜமைக்கர்கள் 'பார்ட்னர்' என்றும், டிரினிடாட்காரர் 'சூசூ' என்றும், சோமாலியர் 'ஹக்பாத்' என்றும், எதியோப்பியர் 'எக்குப்' என்றும் இதையே நடத்துகிறார்கள். கரோலின் ஷெனாஸ் ஹொசைன் என்ற ரொறொன்ரோப் பேராசிரியர் இப்படிக் காசு சேர்க்கும் கறுப்பினப் பெண்களை 'வங்கிப் பெண்மணிகள்' என்று அழைத்து ஒரு நூலே எழுதியிருக்கிறார். மானிடவியலாளர் கிளிபர்ட் கீர்ட்ஸ் 1962இலேயே இவ்வகைச் சுழல் சேமிப்பை ஆராய்ந்தார். கடன் வரலாறு இல்லாத புதுக் குடியேறிக்கு வங்கி கதவைத் திறக்காத இடங்களில் எல்லாம் ஏறக்குறைய இதே வடிவம் முளைக்கிறது.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். இந்த இருபது பேரில் பொதுநலத்துக்காகச் சேர்ந்தவர் யார்? ஒருவருமில்லை. ஒருவருக்கு வீட்டுக்கு முற்பணம் வேண்டும். இன்னொருவருக்கு மகளின் பூப்புனித நீராட்டு விழா. மூன்றாமவருக்கு வங்கி வட்டியைவிடக் கூடுதல் லாபம். எல்லோரும் தங்கள் தங்கள் நலத்துக்காகவே வந்திருக்கிறார்கள். ஆனாலும் அவர்களில் எவரையும் நாம் சுயநலக்காரர் என்று சொல்வதில்லை.

அந்தப் பெயரை யாருக்கு வைக்கிறோம்? மூன்றாம் மாதம் காசை எடுத்துக்கொண்டு நான்காம் மாதத்திலிருந்து தொலைபேசியை எடுக்காதவருக்கு. கவனியுங்கள், அவருடைய ஆசை மற்றவர்களின் ஆசையிலிருந்து வேறுபட்டதல்ல. எல்லோருக்கும் வேண்டியிருந்தது அதே பத்தாயிரம்தான். வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. அவருடைய நலத்துக்கான விலையை, அதற்குச் சம்மதிக்காத பத்தொன்பது பேர் கொடுக்கிறார்கள். அல்லது அவர்களுக்காகச் சீட்டுப் பிடித்தவர் நகையை அடகு வைத்துக் கொடுக்கிறார். ஆகவே சுயநலம் என்ற குற்றம் 'எனக்கு வேண்டும்' என்ற இடத்தில் இல்லை. 'விலையை நீ கொடு, ஆனால் உனக்கு நான் சொல்லமாட்டேன்' என்ற இடத்தில்தான் அது தொடங்குகிறது.

இந்த வரையறையிலும் ஓர் ஓட்டை உண்டு. ஒருவருக்கு ஊரில் தாய் சாகக் கிடக்கிறார், உடனே பயணச்சீட்டு எடுக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவர் 4,000 டொலர் கழிவுக்கும் சம்மதிப்பார். மற்றவர்கள் அந்த மாதம் 200 டொலர் குறைத்துக் கட்டிவிட்டு மகிழலாம். சம்மதம் இருக்கிறதே, பிறகென்ன என்று கேட்கலாம். ஆனால் மறுக்க வழியில்லாதவர் கொடுக்கும் சம்மதத்தைச் சம்மதம் என்று கணக்கெழுத என் மனம் ஒப்பவில்லை. நல்ல சீட்டுகளில் இப்படியான நேரத்தில் மற்றவர்கள் போட்டிக்குக் கேட்காமல் விட்டுக்கொடுப்பதும் உண்டு. சட்டமும் கையெழுத்தும் இல்லாத ஓர் ஏற்பாடு நிலைத்து நிற்பதற்கு அந்த விட்டுக்கொடுப்பும் ஒரு காரணம்.

எனவே கேட்கவேண்டியவை இரண்டு கேள்விகள். என் நலத்துக்கான விலையை யார் கொடுக்கிறார்? கொடுக்கமாட்டேன் என்று சொல்ல அவரால் முடியுமா?

எல்லாமே சுயநலந்தானா?

இந்த இடத்தில் கெட்டிக்காரர் ஒருவர் குறுக்கிடுவார். விட்டுக்கொடுப்பவரும் தன் மனத்திருப்திக்காகத்தானே விட்டுக்கொடுக்கிறார், ஆகவே உலகில் எல்லாமே சுயநலம் என்பார். இது பழைய வாதம். ஆங்கிலத் தத்துவவாதி தோமஸ் ஹொப்ஸ் பற்றி ஜோன் ஓப்ரி எழுதிவைத்த ஒரு சம்பவம் இதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படும். தெருவில் நலிந்த கிழவர் ஒருவருக்கு ஹொப்ஸ் ஆறு பென்ஸ் பிச்சை போட்டாராம். கூட நின்ற பாதிரியார், கிறிஸ்துவின் கட்டளை இல்லாவிட்டாலும் போட்டிருப்பீரா என்று கேட்டார். ஆம் என்றார் ஹொப்ஸ். அந்தக் கிழவரின் நிலை தன்னை வருத்தியதாகவும், அவருக்குக் கிடைத்த ஆறுதல் தன் வருத்தத்தையும் தணித்ததாகவும் விளக்கம் சொன்னார்.

பதில் 1726இலேயே ஜோசப் பட்லர் என்ற மதகுரு வெளியிட்ட பிரசங்கங்களில் இருக்கிறது. அதை என் சொற்களில் சொல்கிறேன். கிழவரின் துன்பம் ஹொப்ஸை ஏன் வருத்தவேண்டும்? அந்தக் கிழவரைப் பற்றி அவருக்கு ஏற்கெனவே அக்கறை இருந்ததனால்தான். அக்கறை முதலில் வருகிறது, திருப்தி பின்னால் வருகிறது. மற்றவர் துன்பத்தில் வருந்தவும் அவர் ஆறுதலில் மகிழவும் தெரிந்த மனத்துக்குத்தான் தன்னலமற்ற மனம் என்று பெயர். அதையும் சுயநலம் என்றால் காசை எடுத்துக்கொண்டு ஓடியவருக்கு வேறொரு சொல் தேடவேண்டி வரும். எல்லாவற்றுக்கும் பொருந்தும் சொல் எதையும் சொல்லாது.

மறுபக்கத்தில் அயன் ராண்ட் இருக்கிறார். ரஷ்யாவிலிருந்து 1926இல் அமெரிக்கா வந்த அவர், 1964இல் சுயநலத்தை ஒரு நற்பண்பு என்றே தலைப்பிட்டு நூல் வெளியிட்டார். பிறருக்காகத் தன்னைப் பலியிடுவது அறமல்ல என்பது அவர் கட்சி. அதில் ஒரு நியாயம் உண்டு, அதற்குக் கீழே வருகிறேன். ஆனால் அவர் காட்டும் மனிதர் தன் காலில் தனியே நிற்பவர். சீட்டுக் கட்டிப் பழகிய எவருக்கும் அந்த மனிதரை நம்புவது கடினம். என் பத்தாயிரம் மற்றப் பத்தொன்பது பேரின் நாணயத்தில் இருக்கிறது.

சந்தைக்கு ஆதரவாகப் பேசுவோர் அடம் ஸ்மித்தின் 1776ஆம் ஆண்டு நூலை எடுப்பார்கள். இறைச்சிக்கடைக்காரரும் வெதுப்பகக்காரரும் தத்தம் நலத்தைப் பார்ப்பதால்தான் நமக்கு இராச்சாப்பாடு கிடைக்கிறது என்பது அதில் வரும் புகழ்பெற்ற கருத்து. அதே ஸ்மித் 1759இல் எழுதிய முதல் நூல் பிறர்மீதான பரிவை அடித்தளமாகக் கொண்டது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சுவீடனைச் சேர்ந்த கத்ரின் மார்சல் 2012இல் வெளிவந்த தன் நூலில் இன்னும் எளிய கேள்வி ஒன்றைக் கேட்டார்: அந்த இராச்சாப்பாட்டைச் சமைத்தது யார்? ஸ்மித் திருமணம் செய்யாதவர். தாயார் மார்கிரட் 1784இல் இறக்கும்வரை அவரோடு இருந்து வீட்டைப் பார்த்தார். கடைக்காரரின் நலம் கணக்கில் வந்தது, தாயின் நேரம் வரவில்லை.

அம்மம்மாவின் காலைநேரம்

ஸ்மித்தின் தாயாரை ஸ்காபரோவின் எந்தத் தெருவிலும் இன்று காணலாம். காலை எட்டரைக்குப் பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் பனியில் நடக்கும் அம்மம்மாதான் அவர். எனக்குத் தெரிந்த ஒருவர், எழுபதைத் தாண்டியவர், வாரத்தில் இரண்டு காலை முதியோர் நிலையத்துக்குப் போக விரும்பினார். அங்கே அவர் வயதுக்காரர் கூடிப் பேசுவார்கள், சிறிது உடற்பயிற்சி, ஒரு தேநீர். வீட்டில் கிடைத்த பதில், "இந்த வயதில் இவ்வளவு சுயநலமா?"

என் இரண்டு கேள்விகளையும் இங்கே போட்டுப் பார்க்கிறேன். அவருடைய இரண்டு காலைக்கு விலை கொடுப்பது யார்? மகள். அவர் வேலைக்குப் போகும் நேரத்தை மாற்றவேண்டும், அல்லது குழந்தைப் பராமரிப்புக்குக் காசு கொடுக்கவேண்டும். ஒன்ராறியோவில் தேசியத் திட்டத்தில் சேர்ந்த நிலையங்களில் சிறு குழந்தைக்கான கட்டணம் 2025 ஜனவரி முதல் நாளொன்றுக்கு 22 டொலருக்கு மேற்படக்கூடாது என்று வந்துவிட்டாலும், இடம் கிடைப்பது சுலபமல்ல. ஆகவே மகளுக்குச் சுமை உண்மையானது. ஆனால் அது வெளிப்படையாகக் கேட்கப்பட்ட விலை. மறுக்க முடிந்தவரிடம் கேட்கப்பட்ட விலை.

இனி மறுபக்கம். அதுவரை எல்லாக் காலைகளுக்கும் விலை கொடுத்தவர் அம்மம்மா. அவரால் மறுக்க முடிந்ததா? கனடாவில் பெற்றோரைப் பொறுப்பேற்று அழைக்கும் பிள்ளை, 2014 முதல், கியூபெக் நீங்கலாக, இருபது ஆண்டுக்கு அவர்களின் செலவுக்குக் கையெழுத்திடவேண்டும். முன்பு அது பத்தாண்டு. அரசின் முதியோர் ஓய்வூதியம் இங்கேயே இருந்து வாங்குவதற்குப் பொதுவாகப் பத்தாண்டு வதிவு வேண்டும். அதாவது வந்து இறங்கிய தாய்க்குப் பல ஆண்டுகள் சொந்தமாக ஒரு சதமும் வருமானம் இல்லை. பஸ் காசுக்கும் மகளிடம் கை நீட்டவேண்டியவர் "நாளைக்குப் பிள்ளையைப் பார்க்கமாட்டேன்" என்று எப்படிச் சொல்லுவார்? தாய் மனமுவந்துதான் செய்கிறார் என்று நாம் சொல்லிக்கொள்வது, 4,000 டொலர் கழிவுக்குச் சம்மதித்தவரைக் காட்டி அவருக்கும் சம்மதந்தானே என்பதைப் போன்றது.

நான் மகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. இருபது ஆண்டுக்குக் கையெழுத்திட்டவரும் அவர்தான், இரண்டு வேலைக்கு ஓடுகிறவரும் அவர்தான். சொல்ல வருவது இது. 'சுயநலம்' என்ற சொல் பெரும்பாலும், அதுவரை இலவசமாகக் கிடைத்த ஒன்று நின்றுபோகும்போதுதான் வாயில் வருகிறது. கிடைத்துக்கொண்டிருந்த காலத்தில் அதற்கு ஒரு விலை இருந்தது என்பதை யாரும் எழுதிவைப்பதில்லை.

இதன் மறுபதிப்பு ஒன்றும் உண்டு, அது தியாகம். தொண்ணூறுகளில் வந்து, பகலில் தொழிற்சாலையும் இரவில் உணவகமுமாக உழைத்து, தங்கைகளுக்குச் சீதனமும் தம்பிமாருக்கு ஏஜென்சிக் காசும் அனுப்பிய அண்ணன்மார் நம்மிடையே ஏராளம். அவர்கள் இல்லாமல் இந்தச் சமூகம் இங்கே காலூன்றியிருக்காது. "தனக்கென்று ஒன்றும் பார்க்காதவன்" என்று ஊர் புகழும். ஆனால் அவர் அனுப்பியது தன் காசை மட்டுமல்ல. மனைவியின் சேமிப்பும், தகப்பனைக் காணாமல் பிள்ளைகள் வளர்ந்த மாலைகளும் அந்தக் காசுக்குள் இருந்தன. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. தன்னலம் துளியும் இல்லாத ஒருவர் மற்றவர் நலத்தைச் செலவழித்துக்கொண்டிருக்க முடியும். தியாகத்தைச் சந்தேகித்த அயன் ராண்டுக்கு நியாயமுண்டு என்று மேலே நான் ஒப்புக்கொண்டது இந்த இடத்துக்காகத்தான்.

வரிசையைத் தாண்டியவர்கள்

வீட்டுக்குள் நாம் வீசும் இந்தச் சொல்லை ஒருமுறை நாடே நம்மீது வீசியது. 1986 ஆகஸ்ட் 11ஆம் தேதி, நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 ஈழத்தமிழரை மீனவர்கள் கண்டெடுத்தார்கள். கஸ் டால்டன் என்ற கப்டன் தன் மீன்பிடிப் படகை அவர்களிடம் திருப்பினார், மற்றப் படகுகளையும் அழைத்தார். வந்தவர்கள் முதலில் இந்தியாவிலிருந்து வருவதாகச் சொன்னார்கள். மேற்கு ஜேர்மனியிலிருந்து சரக்குக் கப்பலில் வந்தார்கள் என்பது சில நாட்களில் தெரியவந்தது. பரிவு பலரிடம் கோபமாக மாறியது. வரிசையைத் தாண்டி வந்தவர்கள், பொய்யர்கள் என்ற குரல்கள் எழுந்தன. பிரதமர் பிரையன் மல்ரோனி அவர்களைத் திருப்பி அனுப்ப மறுத்தார், தங்கவும் வேலை செய்யவும் அனுமதி கிடைத்தது. அதே குற்றச்சாட்டு 2010இல் எம்.வி. சன் சீ கப்பலில் 492 பேர் வந்தபோது திரும்பவும் கேட்டது.

வரிசையைத் தாண்டுவது என்பது சுயநலத்துக்கு இன்னொரு பெயர். ஆனால் 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து தப்பி ஓடியவருக்கு முன்னால் நின்ற வரிசை எது? புகலிடம் கேட்பவர் வந்து சேர்ந்த பிறகுதான் கேட்கமுடியும். அவர்கள் வந்ததால் யாருடைய இடமும் பறிபோகவில்லை. உயிரைக் காப்பாற்றிக்கொள்ள விரும்பியது அவர்களுடைய நலம், அதில் குற்றமில்லை. பொய் சொன்னது வேறு விஷயம். அதன் விலையை அவர்கள் மட்டுமல்ல, பின்னால் வந்த அகதிகளும் சந்தேகப் பார்வைகளாகக் கட்டவேண்டியிருந்தது. நடுக்கடலில், கடத்திவந்தவர்களின் பயமுறுத்தலுக்கும் திருப்பி அனுப்பப்படும் அச்சத்துக்கும் இடையில் நின்றவர்களை நான் கடுமையாகத் தீர்ப்பிடமாட்டேன். ஆனாலும் கணக்கென்று போட்டால் இரண்டு பக்கமும் போடவேண்டும்.

கஸ் டால்டன்? ஹொப்ஸின் சீடர்கள் அவரும் தன் மனத்திருப்திக்காகவே படகைத் திருப்பினார் என்று சொல்லட்டும். அப்படித் திருப்தியடையக்கூடிய மனிதர் அந்தக் கடலில் இருந்தது 155 பேருக்குப் போதுமாக இருந்தது.

ஊருணி

திருக்குறளில் ஈகைக்கு முன்னால் ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. இரண்டும் துறவியருக்குச் சொன்னவையல்ல, இல்லறவியலில் வருபவை. சீட்டை நான் ஒப்புரவு என்று சொல்லமாட்டேன். அந்த அதிகாரம் கைம்மாறு எதிர்பாராத கடமையோடு தொடங்குகிறது, சீட்டோ முழுக்க முழுக்கக் கைம்மாறு. ஆனால் வள்ளுவர் அங்கே காட்டும் உவமைகளைக் கவனிக்கவேண்டும். நீர் நிரம்பிய ஊர்க்குளம், ஊர் நடுவே பழுத்த மரம், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரம். இந்த உவமைகளில் முதலில் நடப்பது நிறைவதும் பழுப்பதும். வற்றிய குளத்திடம் யாரும் தண்ணீர் கேட்கமுடியாது. தன்னை நிரப்பிக்கொள்வது குளத்தின் சுயநலம் என்று ஒருவரும் சொல்வதில்லை.

சொல்லைக் கைவிடவேண்டும் என்பது என் கட்சியல்ல. சீட்டுக்காசோடு ஓடுகிறவருக்கு அந்தச் சொல் வேண்டும். மற்றவர் பேரில் கடன் அட்டை எடுத்துத் தேய்ப்பவருக்கும், பெற்றோரின் ஓய்வூதியம் வரும் வங்கி அட்டையைத் தன் பணப்பையில் வைத்திருப்பவருக்கும் அது பொருந்தும். நேரத்துக்கும் உடல்நலத்துக்கும் ஒரு புத்தகம் வாசிக்கும் தனிமைக்கும் ஆசைப்படுகிறவருக்கு அது பொருந்தாது. அவர் என்ன விலை கேட்கிறார், அதை யாரிடம் கேட்கிறார் என்று பேசித் தீர்க்கலாம்.

நான் குறிப்பிட்ட அம்மம்மா வீட்டில் அப்படித்தான் நடந்தது. செவ்வாயும் வியாழனும் காலையில் பக்கத்து வீட்டுப் பெண் இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகிறார். மற்ற மூன்று நாளும் அம்மம்மா கூட்டிப் போகிறார். பக்கத்து வீட்டுக்காரி ஒரு கயானாப் பெண்மணி, அவருக்கும் வேலைக்கு நேரத்தோடு போகவேண்டும். இரு தரப்புக்கும் லாபம்.